என் பெயரில் ஒரு கணக்கு

2024 ஜூலை 27, சனிக்கிழமை. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. மலையடிவாரத்தில் பம்பைச் சத்தம் தொடங்கிவிட்டது. சரவணப் பொய்கைப் பக்கம் காவடிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவரைக்கும் வெளியூர் வண்டிகள் நின்றன. மாலை ஏழு மணிக்கு நான் சமையலறையில் அத்தைக்குக் கோதுமைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. போன முறை கட்டிய மின்கட்டணம் கணக்கில் ஏறவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும் என்று சொல்லி ஓர் எண்ணும் இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுவது என் வேலை. அத்தை படுத்திருக்கும் அறையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்த அந்த நொடியில் நான் முனைவர் பட்டம் வாங்கியவள் இல்லை, கவிதைத் தொகுப்பு போட்டவள் இல்லை. கரண்ட் போனால் அத்தைக்கு மூச்சுத் திணறும் என்று பயந்த மருமகள், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பதரைக்கு யாரும் கம்பம் ஏறி ஃப்யூஸ் பிடுங்க வரமாட்டார்கள் என்று நிதானமாக இருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அடுப்பைத் தணித்துவிட்டு அந்த எண்ணுக்கு அழைத்தேன்.

பேசியவன் நல்ல தமிழில் பேசினான். என்னை ‘அக்கா’ என்றான். “பயப்படாதீங்கக்கா, சிஸ்டம்ல ஏறலை, அவ்வளவுதான். ஒரு ஆப் அனுப்புறேன். அதுல 10 ரூபா கட்டினீங்கன்னா அப்டேட் ஆயிடும்.” வாட்ஸ்அப்பில் வந்ததை அழுத்தினேன். அது கேட்ட எல்லா அனுமதிக்கும் சரி என்று தட்டினேன். கைப்பையில் கைக்கு அகப்பட்ட ஏடிஎம் அட்டையின் எண்களைப் போட்டேன். 10 ரூபாய் போனது. “அவ்ளோதான்க்கா, அரை மணி நேரம் போனைத் தொடாதீங்க” என்று வைத்துவிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றி கூடச் சொன்னேன்.

அந்தச் செயலிக்கு நான் கொடுத்த அனுமதி, என் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. வங்கி எனக்கு அனுப்பிய ஓடிபி எல்லாம் எனக்கு வந்த அதே நொடியில் அவனுக்கும் போனது. நான் அத்தைக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, மாத்திரை கொடுத்து முடித்து 7.50க்குக் கைபேசியைக் கையில் எடுத்தேன். 7.31க்கு 50,000. 7.34க்கு 50,000. 7.39க்கு 62,000.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். 7.50க்கு எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூடத்தில் அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். நான் போய்ச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் துலக்கினேன். தோசைக்கு மாவு எடுத்து வைத்தேன். அந்த எண்ணுக்கே ஏழெட்டு முறை அழைத்துப் பார்த்தேன். “ஏமைந்தம்மா?” என்று அத்தை உள்ளிருந்து தெலுங்கில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். 8.40க்கு இன்னொரு 49,500 போனது. மொத்தம் 2,11,500.

ஏன் சொல்லவில்லை என்று இந்தப் புத்தகத்தைப் படிக்கும் பெண்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது என் சிறுவாட்டுப் பணம். சம்பளக் கணக்கு வேறு. அது வீட்டுக் கடனுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போகிறது. இது விடைத்தாள் திருத்தி வந்தது, கவியரங்கத்தில் கவரில் போட்டுக் கொடுத்தது, வானொலியில் பேசி வந்தது. பதினோரு வருடம் தனியாக ஒரு கணக்கில் சேர்த்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. நகைக்கு இல்லை, நிலத்துக்கு இல்லை. அது இருக்கிறது என்பதே அதன் பயன். ஒரு சண்டைக்குப் பிறகு கல்லூரிக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, அது இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள முடியும். அந்தக் கணக்கு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பணம் போனதைச் சொல்ல வேண்டுமானால், பணம் இருந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருடன் அதை அறிந்து செய்யவில்லை. ஆனால் என் வாயை அடைக்க அதைவிட நல்ல பூட்டு அவனுக்குக் கிடைத்திருக்காது.

என் அம்மாவின் சிறுவாடு 2016இல் வெளியே வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்தும் பழைய புடவை மடிப்பிலிருந்தும் 23,000 ரூபாயை எடுத்து அப்பா முன் வைத்தார். அம்மாவுக்கு அப்போது வங்கிக் கணக்கு கிடையாது. அப்பா சிரித்தார், தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார், பிறகு தன் கணக்கில் போட்டுக்கொண்டார். அது திரும்ப அம்மா கைக்கு வரவே இல்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எட்டு வருடம் கழித்து என் சமையலறையில் எனக்குக் கேட்டது.

ஒன்பது மணிக்கு என் மாணவி ஒருத்தி அழைத்தாள். மூன்றாமாண்டு. பொதட்டூர்பேட்டைப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பெண். செவ்வாய்க்கிழமை கருத்தரங்குக் கட்டுரையில் ஏதோ சந்தேகம். என் குரலைக் கேட்டு, “என்ன மேம், அழறீங்களா?” என்றாள். வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் பதறவில்லை. “மேம், உடனே 1930க்குப் போடுங்க. உங்க போனை ஆஃப் பண்ணிடுங்க, வேற போன்ல இருந்து போடுங்க. பேங்குக்கும் போட்டுக் கார்டை பிளாக் பண்ணச் சொல்லுங்க. எங்க அப்பாவுக்கு நூல் ஆர்டர்னு சொல்லி இப்படித்தான் பண்ணாங்க. நாங்க மூணு நாள் கழிச்சுப் போனோம், ஒண்ணும் கிடைக்கலை. நீங்க இப்பவே போடுங்க மேம்.”

வேறு போன் என்றால் அவருடைய போன்தான். கூடத்துக்குப் போய், “ஏங்க, உங்க போனைக் குடுங்க” என்றேன்.

1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். 2021இல் 155260 என்று தொடங்கியது, பிறகு 1930 ஆக மாறியது. அழைத்தால் நம் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். அதை உடனே வங்கிகளுக்குத் தெரிவிக்கிறார்கள். நம் பணம் எந்தக் கணக்கில் போய் நிற்கிறதோ அங்கே அதைப் பிடித்து நிறுத்தி வைக்க முடியும். நின்றால்தான் முடியும். திருடர்கள் அதை நிற்க விடுவதில்லை. ஒரு கணக்கிலிருந்து நான்காகப் பிரிப்பார்கள், நான்கிலிருந்து பத்தாக்குவார்கள், ஏடிஎம்மில் எடுப்பார்கள். அதனால் நிமிடக் கணக்கு. 9.05க்கு என் புகார் பதிவானது. ஒரு ஒப்புகை எண் கொடுத்தார்கள். அடுத்து வங்கியின் கட்டணமில்லா எண்ணில் அட்டையை முடக்கினேன். இரவே தேசிய சைபர் குற்றப் பதிவுத் தளத்தில் முழுப் புகாரையும் ஏற்றினேன்.

இத்தனையும் முடிந்து நிமிர்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, எப்படிப் போச்சு என்பதல்ல. “இவ்ளோ பணம் உன்கிட்ட இருந்துச்சா?”

திங்கட்கிழமை கிருத்திகை. காவடிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வங்கிக்குப் போனேன். “சார் வரலையா மேடம்?” என்றார் அங்கிருந்தவர். கணக்கு என்னுடையது என்றேன். நான் ஓடிபியைக் கொடுத்துவிட்டதால் வங்கிக்குப் பொறுப்பில்லை என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று அப்போது நடைமுறையில் இருந்தது. வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் நாம் வங்கிக்குத் தெரிவித்தால், நமக்கு ஒரு ரூபாய் நட்டம் கூடக் கிடையாது. நம் கவனக்குறைவால் போனால், நாம் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். எழுத்தில் புகார் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்கினேன். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டேன்.

அந்த விதியை என் கதையில் பொருத்திப் பாருங்கள். 7.50க்கே நான் வாயைத் திறந்திருந்தால் 8.40க்குப் போன 49,500 போயிருக்காது. போயிருந்தாலும் அது என் நட்டமாக இருந்திருக்காது. மற்றவை ஏமாந்ததால் போயின. இந்த ஒன்று வெட்கத்தால் போனது.

மாவட்ட சைபர் குற்றப் பிரிவு திருவள்ளூரில் இருக்கிறது. அரக்கோணம் வழியாக மின்சார ரயிலில் போய் வந்தேன், ஆறு முறை. பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம். ஏமாற்றுதலுக்குப் புதிய பிரிவு எண் என்ன என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதினார் உதவி ஆய்வாளர். அவரும் ஒரு பெண். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பழையபடியே இருந்தது. பிறகு பணம் போன வழியை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடித்தான் இதைத் தமிழகத்தோடு சேர்த்தார்கள். இன்றும் நகரிக்குப் போகும் பேருந்து எல்லையைத் தாண்டுவதை நாங்கள் சொல்லிக்காட்டுவோம். என் பணம் எட்டு நிமிடத்தில் மூன்று மாநில எல்லையைத் தாண்டியிருந்தது. முதல் ஒரு லட்சம் ஒரே கணக்குக்குப் போயிருந்தது. அதில் 40,000 ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது, 60,000 நின்றது. 62,000 போன இன்னொரு கணக்கில் 58,000 நின்றது. கடைசி 49,500இல் ஒன்றும் மிஞ்சவில்லை. நிறுத்தப்பட்டது 1,18,000. போனது 93,500.

“யார் கணக்கு அது?” என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. “வடக்கே ஒரு கிராமம் மேடம். கட்டட வேலைக்குப் போற பொம்பளை. கணக்கு அவங்க பேர்ல இருக்கு. ஏடிஎம் கார்டு, சிம் கார்டு எல்லாம் வேற யார்கிட்டயோ இருக்கு. வீட்டுக்காரர் 2,000 ரூபா வாங்கிட்டுக் குடுத்துட்டாராம். இந்தம்மாவுக்குத் தன் கணக்குல ஒரு லட்சம் வந்து போனதே தெரியாது.”

அன்று ரயிலில் திரும்பி வரும்போது என் பணத்தைப் பற்றி நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் தொடங்கியது. அதன் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்கள் பெயரில்தான். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஒரு கணக்கு கிடைத்திருக்கக்கூடும். கைரேகை வைத்திருப்பாள், படம் எடுத்திருப்பார்கள். பெயர் அவளுடையது, அட்டை இன்னொருவன் கையில். நாளைக்கு அவள் வாசலில் போலீஸ் வந்து நிற்கும்போது மட்டும் அந்தக் கணக்கு முழுக்க அவளுடையதாகிவிடும்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். என் கணவர் நல்லவர். குரலை உயர்த்தவில்லை. வங்கிக்கு வரட்டுமா என்று அவராகக் கேட்டார். ஒருநாள் இரவு சாப்பிடும்போது, “புதுக் கார்டு வந்ததும் என்கிட்ட குடுத்துடு. ஓடிபியும் என் நம்பருக்கு வர்ற மாதிரி மாத்திடலாம். உனக்கு எதுக்கு இந்த டென்ஷன்?” என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அந்த நேரம் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, தலையாட்டப் போனேன். திருவள்ளூரில் அந்தத் தாளைப் பார்த்திராவிட்டால் ஆட்டியிருப்பேன். ‘கணக்கு அவங்க பேர்ல இருக்கு, கார்டு வேற யார்கிட்டயோ இருக்கு.’ அந்த வாக்கியம் காதில் விழுந்தது. “வேண்டாங்க, நானே வெச்சுக்கறேன்” என்றேன். “மறுபடி போச்சுன்னா?” என்றார். “போனா என் பணம் போகும்” என்றேன். அன்று அவர் பாதியில் கை கழுவினார். பதினெட்டு வருட மணவாழ்க்கையில் நான் எழுதிய எந்தக் கவிதைக்கும் இவ்வளவு தைரியம் தேவைப்பட்டதில்லை.

என் அண்ணனுக்குச் செய்தி போனபோது அவர் சொன்னது: “படிச்சவ பண்ற வேலையா இது?” வருடாவருடம் சிலப்பதிகாரம் நடத்துகிறேன். ஒரு பொற்கொல்லனை நம்பிக் கோவலன் உயிரையே விட்டான். இளங்கோவடிகள் அதை ஊழ்வினை என்கிறார். படித்த வணிகன் பண்ணுகிற வேலையா என்று எந்த உரையாசிரியரும் கேட்கவில்லை. அதே 2024இல், லூதியானாவின் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால், 82 வயது, போலி சிபிஐ அதிகாரிகளையும் வீடியோவில் காட்டிய போலி உச்ச நீதிமன்றத்தையும் நம்பி 7 கோடி ரூபாய் அனுப்பினார். அவர் புகார் கொடுத்தார், 5.25 கோடி மீட்கப்பட்டது. நடந்ததை அவரே வெளிப்படையாகப் பேசினார். அந்தச் செய்தியை அண்ணனிடம் காட்டினேன். “திருட்டுப் பசங்க எப்படியெல்லாம் பண்றானுங்க பாரு” என்றார். ஓஸ்வால் ஏமாந்தால் திருடன் கெட்டிக்காரன். நான் ஏமாந்தால் நான் முட்டாள்.

என் வகுப்பு மாணவிகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும், தவிர்க்க முடியாத சூழலில், பெண் அதிகாரி நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற்றால் ஒழிய, ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் செயலி எதையும் தொடாதீர்கள். கரும்பலகையில் 1930 என்று பெரிதாக எழுதினேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் உங்கள் அம்மாக்களின் கணக்குக்கு வருகிறதே, அந்த ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது? கொஞ்ச நேரம் அமைதி. “அப்பாகிட்ட மேம்.” “அண்ணன்கிட்ட.” “எங்கம்மாவுக்கு பின் நம்பர் தெரியாது மேம்.” பொதட்டூர்பேட்டைப் பெண் மட்டும், “எங்க வீட்டுல அம்மாகிட்டதான் இருக்கு. அப்பா ஏமாந்ததுக்கு அப்புறம் அம்மா பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க” என்றாள். வகுப்பே சிரித்தது. அது அப்பாவின் 2016 சிரிப்பு மாதிரி இல்லை.

பிடித்து வைத்த பணம் தானாக வந்துவிடாது. நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அது என் பணம்தான் என்று கணக்கு அறிக்கையோடு காட்டி, விடுவிக்கும்படி உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், 1,18,000 என் கணக்கில் ஏறியது. மீதி வரவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. அந்த ‘அக்கா’ குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. வேலை என்று நம்பிப் போய் மியான்மாரின் மியாவாடியில் அடைபட்டு, இப்படி ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ்ப் பையன்கள் 2022இல் மீட்கப்பட்டு வந்தார்கள். அப்படி ஒருவனாகவும் இருக்கலாம், கைதேர்ந்த திருடனாகவும் இருக்கலாம். அவன்மீது எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. என்மீது இருந்த கோபம் போய்விட்டது.

அந்த மாதமே அம்மாவை அழைத்துப் போய் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். அட்டையின் பின் எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். “உன்கிட்ட கூடவா?” என்றார். “என்கிட்ட கூட” என்றேன்.

நான் மறுபடியும் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. எவ்வளவு இருக்கிறது என்று அவர் எப்போதாவது கேட்பார். “இருக்கு” என்கிறேன்.